கறிவேப்பிலைப் பக்கம்

அக்கா இணையத்தில் எழுதத் தொடங்கியது அவளுடைய சிறுநீரகங்கள் பழுதான பிறகுதான். உடுப்பிட்டியில் விவசாயப் பாடம் படிப்பித்தவள். கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கப் போகவேண்டி வந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். படுத்திருக்கும் நேரத்தில் போனிலேயே வீட்டுத்தோட்டத்தைப் பற்றி எழுதினாள். அதற்கொரு இணையத்தளம் செய்து கொடுத்தது நான்.

ஒருவரும் வாசிக்க வரவில்லை.

“உன்ரை வேலை உதுதானே. ஏன் ஒருத்தரும் வாசிக்கினமில்லை எண்டு ஒருக்காப் பார்” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்.

என் வேலை அதுதான். யாழ்ப்பாண நகரத்துச் சின்ன அலுவலகமொன்றில் இருந்து, வெளிநாட்டுச் செருப்பு, சப்பாத்துக் கடை ஒன்றின் இணையத்தளத்தைத் தேடுபொறியில் முன்னுக்குக் கொண்டுவருவது. அக்காவின் தளத்தைத் திறந்து பார்த்தேன். எழுத்தில் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு பக்கமும் தனியே கிடந்தது. புதிதாக எழுதியவை மட்டும் முகப்பில் தெரிந்தன. பழையவை பின்னால் போய்விட்டன. தேடுபொறி ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பிடித்துத்தான் அடுத்த பக்கத்துக்குப் போகும். எந்தப் பக்கமும் சுட்டிக்காட்டாத ஒன்று அதன் கண்ணில் படுவது அரிது.

“அப்ப என்ன செய்யோணும்?”

“ஒரு பக்கத்திலை இருந்து மற்றதுக்கு லிங்க் போடோணும் அக்கா. பூச்சி எண்டு எழுதின இடத்திலை, நீ பூச்சியைப் பற்றி எழுதின பக்கத்துக்கு.”

அதன்பிறகு பின்னேரங்களில் அவள் கட்டிலில் சாய்ந்திருந்து சொல்லச் சொல்ல, நான் அருகில் இருந்து லிங்க் போட்டேன். முதலில் உற்சாகத்தில் கத்தரி என்ற சொல் வந்த இடமெல்லாம் லிங்க் போட்டுவிட்டேன். வாசித்துப் பார்த்துவிட்டுச் சினந்தாள்.

“என்னடி இது, பக்கம் முழுக்க நீலமாக் கிடக்கு? வாசிக்கிற ஆளுக்கு எந்த இடத்திலை சந்தேகம் வருமோ, அந்த இடத்திலை மட்டும் போடு.”

அவள் சொன்னது சரி. அவளும் ஒரு பிழை விட்டிருந்தாள். ‘மேலும் அறிய இங்கே அழுத்தவும்’ என்று பல இடங்களில் எழுதியிருந்தாள். நான் அதை எடுத்துவிட்டு, ‘பூச்சாடிக்கு மண் கலக்கும் முறை’ என்று போகுமிடத்தின் பெயரையே இணைப்பாக்கினேன். வருகிறவருக்கும் விளங்கும், தேடுபொறிக்கும் விளங்கும்.

எந்தப் பக்கத்தை நடுவில் வைப்பது என்று கேட்டேன். “கறிவேப்பிலை” என்றாள், யோசிக்காமலே. குளிர்நாட்டில் யன்னலோரம் கறிவேப்பிலை வளர்ப்பது பற்றி, பனியைக் கண்ணால் காணாத அக்கா, தெரிந்தவர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்துப் பார்த்து எழுதியது அது. மண், தண்ணீர், செதில்பூச்சி, மஞ்சளாகும் இலை என்று எல்லாப் பக்கங்களில் இருந்தும் அதற்கு வழி வைத்தோம். அதிலிருந்து எல்லாவற்றுக்கும் வழி வைத்தோம். ஒவ்வொன்றின் அடியிலும், தன் போன் இலக்கமும் விலாசமும் இருக்கும் பக்கத்துக்கும் ஒரு லிங்க் போடச் சொன்னாள்.

சில மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல மேலே வந்தது. ஒருநாள் தேடிப் பார்த்தபோது கறிவேப்பிலைப் பக்கம் முதலாவதாக நின்றது. அக்கா அன்று ஆஸ்பத்திரியில். ஓடிப்போய்க் காட்டினேன். குழாய் ஏற்றியிருந்த கையை அசைக்க முடியாமல், மற்றக் கையால் போனை வாங்கினாள்.

“உது உன்ரை போனிலை மட்டும் இப்பிடிக் காட்டுதோ?”

பக்கத்தில் நின்ற தாதியின் போனிலும் தேடிக் காட்டிய பிறகுதான் சிரித்தாள்.

அன்றிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. “ஓம், படம் எடுத்து அனுப்புங்கோ, பாத்துச் சொல்லுறன்” என்று அறைக்குள்ளிருந்து அவள் கதைப்பது கேட்கும். நோய் வந்த பிறகு அவளுடைய குரலில் அவ்வளவு தெம்பை நான் கேட்டதில்லை.

மாரி மழை தொடங்கியபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். அந்தக் கிழமை முடியுமுன் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகும் அவளுடைய போன் அடித்துக்கொண்டிருந்தது. ஓரிரு தடவை எடுத்தேன். “ரீச்சரோ?” என்று கேட்டதும் துண்டித்துவிட்டேன். பிறகு போனை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்தேன்.

அடுத்த வருசம், தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயில் திருவிழாவுக்காக நோர்வேயிலிருந்து வந்த பெண் ஒருவர் எங்கள் வாசல் படலையடியில் ஓட்டோவில் வந்திறங்கினார்.

“ரீச்சர் நிக்கிறாவோ? போன் வேலை செய்யேல்லை. அதுதான் நேரை வந்திட்டன்.”

“அக்கா மோசம் போயிட்டா. போன மாரியிலை.”

அவர் படலையைப் பிடித்தபடி நின்றார். “போன கிழமையும் வாசிச்சனான். மஞ்சள் இலையிலை தொடங்கி, அதிலை இருந்து தண்ணிக்குப் போய், பிறகு மண்ணுக்குப் போய்... பக்கத்திலை இருந்து சொல்லித் தாற மாதிரியெல்லோ இருந்தது. இருக்கிறா எண்டுதான் நினைச்சன்.”

உள்ளே வந்து இருந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். யன்னலுக்கு வெளியே வெள்ளையாகப் பனி. உள்ளே, கண்ணாடியின் பாதி உயரத்துக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று.

“இதை அவவுக்குக் காட்டத்தான் வந்தனான்.”

தோட்டத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். கூட்டிப்போனேன். நான் தண்ணீர் விடாமல் சாடிகளெல்லாம் காய்ந்து கிடந்தன. அவர் குனிந்து ஒரு சாடியின் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். போகும்போது, அக்காவுக்கென்று கொண்டுவந்த பொதியை என் கையில் வைத்து அழுத்தினார். பிரித்துப் பார்த்தேன். தோட்ட வேலைக்குப் போடும் கையுறைகள். அக்காவின் கைக்கு அளவாகத்தான் இருந்திருக்கும்.

அன்றுதான் தளத்தின் முகப்பைத் திறந்து, ‘இந்தப் பக்கங்களை எழுதியவர் காலமாகிவிட்டார்’ என்று எழுதினேன். அந்த ஒரு வரியை எழுதி முடிக்க முழுப் பின்னேரமும் போனது. அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொரு பக்கமாகப் போய், போன் இலக்கத்துக்கான லிங்கை எடுத்தேன். அவள் இடம் சொல்லிப் போட்ட மற்றவற்றில் கை வைக்கவில்லை.

கறிவேப்பிலைப் பக்கம் இன்னும் முன்னால்தான் நிற்கிறது. வேலைக்கிடையில் சில நாட்களில் தேடிப் பார்ப்பேன். கண்டதும், அக்காவை அழைத்துச் சொல்ல வேண்டுமென்று ஒரு கணம் கை போனுக்குப் போகும்.