சோதிலிங்கம் உடைத்த தாடை

பொம்மை ரயிலுக்காகச் சிநேகிதனின் தாடையை உடைத்தவர் என்று ஒக்லாந்துப் பேப்பரில் வந்தவர் சோதிலிங்கம். 1986இல் நடந்தது. தாடையை உடைத்தது உண்மை. பொம்மை ரயிலுக்காக என்பது, அடித்தவரும் அடிபட்டவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமலே சேர்ந்து சொன்ன பொய்.

அவர் மங்கரே விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். குட்டையான, தோள் அகன்ற மனிதர். கோபம் வந்தால் கத்தமாட்டார், பேச்சு நின்றுவிடும். மனைவி வசந்தமலர் முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை பார்த்தார். பிள்ளைகள் இல்லை. பிளாக்ஹவுஸ் பேயில் சரிவான நிலத்தில் வீடு. அதனால் வீட்டுக்கு அடியில், வீட்டின் நீளத்துக்கே ஒரு பேஸ்மென்ட் இருந்தது.

ஆனந்தராசா அவருடைய ஊர்க்காரர் இல்லை. இங்கே வந்து பழக்கமானவர். கொலிஜ் ஒன்றில் கணிதம் படிப்பித்தார். வந்த புதிதில் இருவரும் குடும்பங்களோடு வெலிங்டனுக்கு ரயிலில் போனார்கள். ராவுரிமு என்ற இடத்தில் பாதை மலையைச் சுற்றிச் சுருண்டு, தன் தலைக்கு மேலே தானே ஏறிப் போகும். சற்று முன்னர் வந்த தண்டவாளம் காலுக்குக் கீழே தெரிவதைப் பார்ப்பதற்காக இரண்டு பேரும் பெட்டியின் இந்தப் பக்க யன்னலுக்கும் அந்தப் பக்க யன்னலுக்கும் ஓடினார்கள். மனைவிமார் வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். திரும்பி வந்த மாதமே அந்தச் சுருளைப் பேஸ்மென்ட்டில் கட்டத் தொடங்கினார்கள்.

கடையில் விற்கும் ஆயத்தத் தண்டவாளம் சோதிலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் அது பாதையில்லை, சீப்பு என்பார். மெல்லிய பலகையைச் சீவி ஒவ்வொரு கட்டையாக வெட்டினார். சிலவற்றின் முனையைப் பிளந்தார், சிலவற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்து வெயில் குடித்த சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்தார். கட்டைகளை ஒட்டி, அதன்மேல் தண்டவாளக் கம்பியை வைத்து, குண்டூசித் தலையிலும் சிறிய ஆணிகளை இடுக்கியால் பிடித்து இறக்கினார். வளைவுகளில் வெளிக் கம்பியை மயிரிழை உயர்த்தினார். கம்பியின் பக்கங்களுக்குத் துருவின் நிறம் பூசி, சக்கரம் படும் மேல்முகத்தை மட்டும் பளபளவென்று விட்டார். ஒக்லாந்திலேயே மவுண்ட் வெலிங்டன் என்ற பகுதியில் கல்லுடைக்கும் இடத்திலிருந்து கல்தூள் கொண்டுவந்து, அரித்து, கழுவி, வசந்தமலரின் சமையல் அவணில் காயவைத்தார். அதைக் கட்டைகளுக்கிடையே தூவி, தண்ணீர் கலந்த பசையைச் சொட்டு மருந்துக் குழாயால் விட்டு இறுக்கினார். பசை காயும்வரை பாதை எழும்பாமல் இருக்க, உண்மையான தண்டவாளத்தில் அறுத்தெடுத்த ஒரு சாண் துண்டைப் பாரமாக வைப்பார். ஒற்றைக் கையால் அதைத் தூக்குவது கடினம்.

மலையின் கீழ்ப்பாதி ஆனந்தராசாவுடையது, மேல்சுருள் சோதிலிங்கத்துடையது. இருவருக்குமிடையில் ஒரேயொரு கட்டுப்பாடு இருந்தது: பேஸ்மென்ட் படியில் இறங்கினால் இயக்கக் கதை கூடாது. ஆனந்தராசாவின் தம்பி கருணைநாதன் ஊரில் ஓர் ஆயுத இயக்கத்தில் இருந்தான். சோதிலிங்கம் வேறோர் இயக்கத்தின் ஆதரவாளர். அதற்காக இங்கே கூட்டம் வைத்தார், வீடியோ போட்டுக் காட்டினார். எல்லாரும் ஒரே எதிரியோடுதானே அடிபடுகிறார்கள் என்று அப்போது இருவரும் நினைத்திருந்தார்கள்.

1986இல் சோதிலிங்கம் ஆதரித்த இயக்கம் கருணைநாதனின் இயக்கத்தை ஊர் ஊராகத் தேடி அழித்தது. செய்தி வந்த கிழமை தகனினியில் மகேசன் வீட்டில் ஒரு பிறந்தநாள் விருந்து. மகேசன் இங்கே சோதிலிங்கம் ஆதரித்த இயக்கத்துக்கு எல்லாமாக இருந்தவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர், எங்கடை பிள்ளைகளை எங்கடை பிள்ளைகளே சுடுகிறார்களே, இது சரியா என்று கேட்டார். எல்லாரும் மகேசனைப் பார்த்தார்கள். பதில் சொன்னது சோதிலிங்கம்.

"பயிருக்கை களை வந்தா எடுக்கத்தானே வேணும்," என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் இறைச்சி போடப் போனார்.

அன்று பின்னேரம் வீடு திரும்பியபோது வசந்தமலருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கருணைநாதனையும் கொன்றுவிட்டார்கள். ஒளித்திருந்த வீட்டிலிருந்து இழுத்து வந்து, இரண்டு காலிலும் சுட்டு, சந்தியில் டயர் போட்டு எரித்திருக்கிறார்கள். நெருப்பு வைக்கும்போது உயிர் இருந்ததாம். தண்ணீர் கேட்டானாம். சனம் பார்த்துக்கொண்டு நின்றதாம்.

சோதிலிங்கம் ஆனந்தராசாவுக்குப் போன் எடுக்க நினைத்தார். எடுத்தார், வைத்தார். ஆனந்தராசா வீட்டுக்குத் துக்கம் கேட்க வசந்தமலர் மட்டும் போனார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், மழை ஊற்றிக்கொண்டிருந்தது. சோதிலிங்கம் பேஸ்மென்ட்டில் ஒரு பாயிண்டுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பாதை இரண்டாகப் பிரியும் இடம் அது. கம்பி கொஞ்சம் விலகினாலும் பெட்டி கவிழும். நனைந்த உடுப்போடு ஆனந்தராசா படியிறங்கி வந்தார். ஒரு கிழமையாகச் சவரம் செய்யாத முகம்.

"நீர் மகேசன் வீட்டிலை ஏதோ சொன்னதாக் கேள்விப்பட்டன்," என்றார்.

சோதிலிங்கம் பற்றவைக்கும் கோலை மேசையில் வைத்தார்.

"என்ரை தம்பி களையோ?"

"அப்ப எனக்குத் தெரியாது, ராசா."

"தெரிஞ்சிருந்தா? வேறை ஆற்றையும் தம்பியெண்டாச் சரியோ? நீ சொல்லு." அவர் சோதிலிங்கத்தை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

சோதிலிங்கத்துக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஆனந்தராசா அவரை அடிக்கவில்லை. சுவரில் தொங்கிய சுத்தியலை எடுத்து, தான் கட்டிய கீழ்ப்பாதையில் ஓங்கி இறக்கினார். கட்டைகள் தெறித்தன. கம்பியை வெறுங்கையால் பிடித்துப் பிடுங்கினார்; அது உள்ளங்கையைக் கிழித்து இரத்தத்தோடு வந்தது. பாலத்தை முழங்கையால் இடித்து விழுத்தினார். வருடக்கணக்கில் செய்தது எல்லாம் சீமெந்துத் தரையில் நொறுங்கியது. பிடுங்கும்போதெல்லாம் தம்பியின் பெயரைச் சொன்னார். சோதிலிங்கம் சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கட்டும், அழட்டும், எல்லாவற்றையும் உடைத்து முடிக்கட்டும் என்றே அப்போது அவர் நினைத்தார்.

பிறகு ஆனந்தராசா மேல்சுருளின் பக்கம் திரும்பினார். முதல் அடியில் வளைவு ஒன்று பிளந்தது.

சோதிலிங்கத்தின் கை பாரத்துக்கு வைத்திருந்த தண்டவாளத் துண்டை எடுத்தது. இரண்டு கையாலும் தூக்கி, பக்கவாட்டாக வீசினார். ஆனந்தராசாவின் தாடையில் பட்டது. பச்சை மரக்கொப்பு முறிவதுபோன்ற சத்தம். பற்கள் இரண்டு கல்தூளில் விழுந்தன. ஆனந்தராசா மேசையோடு சரிந்து, விழுந்தபடியே கையில் அகப்பட்ட பற்றவைக்கும் கோலை எடுத்தார். அது இன்னும் சூடாக இருந்தது. குனிந்த சோதிலிங்கத்தின் கழுத்தில் அதைக் குத்தி அழுத்தினார். இறைச்சி கருகும் மணம் வந்தது. சோதிலிங்கம் கத்திக்கொண்டு பின்னால் போனார். போனவர் திரும்பி வந்து, தரையில் கிடந்தவரின் தலைக்கு மேலே அந்த இரும்பை ஓங்கினார்.

சத்தம் கேட்டு வசந்தமலர் முதலிலேயே படியில் வந்து நின்றிருந்தார். ஓடிவந்து கையைக் குறுக்கே நீட்டினார். இரும்பு அவருடைய மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு இரண்டும் முறிந்து, கை வேறு பக்கம் பார்த்தது. அந்தக் கை குறுக்கே வராமல் இருந்தால் ஆனந்தராசா அன்றைக்கே செத்திருப்பார்.

அம்புலன்ஸை அழைத்தது பக்கத்து வீட்டுக்காரர். பொலிஸும் வந்தது. ஆஸ்பத்திரியில் சோதிலிங்கத்திடம் காரணம் கேட்டார்கள். இயக்கத்தின் பெயர் வாயில் வரக்கூடாது என்று மகேசன் ஏற்கெனவே ஆள் அனுப்பியிருந்தார். ரயில் பாதையை உடைத்ததால் கோபத்தில் அடித்துவிட்டேன் என்றார் சோதிலிங்கம். ஆனந்தராசாவின் தாடை கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அவருடைய தாய் ஊரில், தம்பியை எரித்தவர்களின் கைக்குள்ளே இருந்தார். பொலிஸ்காரர் ரயிலுக்காகவா சண்டை என்று கேட்டதும் ஆனந்தராசா ஆமென்று தலையை ஆட்டினார்.

நீதிமன்றத்தில் சோதிலிங்கம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சனிக்கிழமைகளில் மற்றக் குற்றவாளிகளோடு வான் வண்டியில் ஏற்றிப்போய்ப் பூங்காக்களில் வேலை வாங்கும் தண்டனை கிடைத்தது. வளர்ந்த ஆம்பிளைகள் பொம்மைக்கு அடிபட்டதைப் பேப்பர் பகிடியாக எழுதியது. ரேடியோவிலும் யாரோ சொல்லிச் சிரித்தார்களாம். கொட்டகையில் அவரை ஸ்டேஷன் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். கழுத்துக் காயத்தைக் கொலரால் மூடிக்கொண்டு அவரும் சிரித்தார்.

வசந்தமலரின் மாவுக்கட்டு அவிழ்த்த அன்று, கை நேராகப் பொருந்தவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரில் வரும்போது வசந்தமலர் பேசினார்.

"பொலிசுக்குப் பொய் சொன்னனியள் எண்டு எல்லாரும் நினைக்கினம். நான் படியிலை நிண்டு பார்த்தனான். அவர் தம்பியை நினைச்சு அழேக்கை நீங்கள் அசையேல்லை. உங்கடை பக்கத்தைத் தொட்ட உடனைதான் கையைத் தூக்கினியள். அது பொய்யில்லை."

சோதிலிங்கம் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

கருணைநாதனின் ஆண்டுத் திவசத்தை ஆனந்தராசா ஒரு சமூக மண்டபத்தில் வைத்தார். வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதற்காக மகேசனும் வந்து கடைசி வரிசையில் இருந்தார். சோதிலிங்கத்தை யாரும் அழைக்கவில்லை. அவர் வந்தார். ஆனந்தராசாவின் மனைவி பத்மாவதி அவரைக் கண்டதும் எழுந்து, வெளியே போகும்படி கதவைக் காட்டினார். போகிறேன், ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டார் சோதிலிங்கம்.

"நான் இந்தப் பிள்ளையைக் களையெண்டு சொன்னனான். அது கொலைகாரன்ரை கதை. செய்தவங்களும் கொலைகாரங்கள்தான். நான் அவங்களுக்காகக் கூட்டம் வைச்சனான். இனி இல்லை," என்றார்.

ஆனந்தராசா தம்பியின் படத்தைப் பார்த்தபடியே இருந்தார். மகேசன் எழுந்து வெளியே போனார்.

அடுத்த கிழமை, வேலை முடிந்து கார் தரிப்பிடத்துக்கு வந்தபோது மகேசன் சோதிலிங்கத்தின் காரில் சாய்ந்து நின்றார். நல்ல வெயில். கையில் சக்கரம் கழற்றும் இரும்பு. துரோகிக்கு ஊரில் என்ன கிடைக்கும் தெரியுமா என்று கேட்டார். சோதிலிங்கம் ஓடவில்லை, கையையும் ஓங்கவில்லை. முதல் அடி முழங்காலில். விழுந்த பிறகு அதே முழங்காலில் திரும்பத் திரும்ப விழுந்தது. சில்லெலும்பு சிதறுவதை அவரால் உணர முடிந்தது. தாரில் முகம் தேய, கடைசியில் நினைவு போனது. விமானம் ஒன்று மிகத் தாழ்வாக இறங்கிக்கொண்டிருந்ததால் அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

இந்தத் தடவை பொலிஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். களை என்ற சொல்லிலிருந்து தொடங்கினார். மகேசன் சிறைக்குப் போனார். பிறகு சில மாதங்கள் வீட்டுக் கண்ணாடி உடைந்தது, போனில் மிரட்டல் வந்தது, பழகியவர்கள் கடையில் கண்டால் அடுத்த வரிசைக்கு மாறினார்கள். முழங்கால் மடங்காமல் போனதால் ஃபோர்க்லிஃப்ட் வேலையும் போனது. கொட்டகையிலேயே ஒரு கதிரை வேலை கொடுத்தார்கள்.

1989இல் ஆனந்தராசாவுக்கு டனீடினில் வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முந்திய நாள் காலை அவர் தனியாக வந்து வாசலில் நின்றார். தாடை ஒரு பக்கம் இறங்கியே இருந்தது. வசந்தமலர் உள்ளே வரச் சொன்னதற்குத் தலையை அசைத்து மறுத்தார். வசந்தமலரின் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கீழை என்ன மாதிரி?" என்று கேட்டார்.

"நீர் பிடுங்கின இடம் அப்பிடியே கிடக்கு. தொடேல்லை," என்றார் சோதிலிங்கம்.

"அதைத் திரும்பப் போடும்," என்றார் ஆனந்தராசா. மன்னிப்பைப் பற்றி இருவரும் எதுவும் பேசவில்லை. அவர் காருக்குத் திரும்பிப் போனார்.

அந்தக் கோடை முழுவதும் சோதிலிங்கம் கீழ்ப்பாதையைப் போட்டார். மடங்காத காலை ஒரு ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு வேலை செய்தார். இரத்தம் ஊறி இறுகியிருந்த கல்தூளை உளியால் பெயர்த்துக் குப்பையில் கொட்டினார். நீளக் கம்பிகளின் மறுமுனையை வசந்தமலர் வளைந்த கையால் பிடித்தார். அடிவாரத்திலிருந்து விட்ட எஞ்சின் சுருளைச் சுற்றிச் சுற்றி, எங்கும் கவிழாமல் உச்சிக்குப் போய் நின்றது.

"ஓடுது," என்றார் சோதிலிங்கம்.

"ஓம்," என்று சொல்லிவிட்டு வசந்தமலர் உலை வைக்க மேலே போனார்.