பாலை மரத்தில் மிஞ்சிய கொப்பு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காட்டையே கலக்கிவிட்டு வந்திருக்கிறேன். வேண்டுமென்று இல்லை... பயத்தில்தான்.

தோப்பூருக்கு அப்பால் வேடர் சமூகத்து ஆட்கள் தாங்களே ஒரு பண்பாட்டுப் பூங்காவும் பண்ணையும் நடத்துகிறார்கள். காடு வெட்டிப் பயிரிட்ட சோளச் சேனை, ஆட்டுப் பட்டி, தேனெடுத்துக் காட்டும் காட்டுப் பாதை, மத்தியானம் குரக்கன் ரொட்டியும் சம்பலும். எங்கள் உப்புவெளி ஒழுங்கையிலிருந்து பன்னிரண்டு பேர் வான் பிடித்துப் போனோம். என் பையில் என்ன இருந்தது என்கிறீர்களா? பனடோல், நுளம்பு கடிக்காமல் பூசும் எண்ணெய், டோர்ச் இரண்டு, விசில் ஒன்று. என் மனைவி மலர் கொண்டு வந்தது — ஒரு குடை.

பாதை தொடங்குமிடத்தில் ஒரு பாலை மரம். உள்ளே போகிற ஒவ்வொருவரும் ஒரு இலைக்கொப்பு முறித்து அதன் கிளையில் வைக்க வேண்டும் என்றார், பூங்காவைப் பொறுப்பாக நடத்தும் கதிராமி அக்கா. காட்டுத் தெய்வத்திடம் சொல்லிவிட்டுப் போகிற வழக்கமாம். பிறகும் ஏதோ சொன்னார். நான் காலடியில் பாம்புப் புற்றுத் தேடிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் — எந்த விளக்கத்தையும் முக்கால்வாசியோடு விட்டுவிடுகிற பழக்கம் அன்றிலிருந்தே.

கொப்பை வைத்தேன். காற்றில் விழுந்துவிட்டால்? ஒருவரும் பார்க்காத நேரம் மரத்தின் பின்பக்கம் இன்னொன்றும் வைத்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல பொழுது. மரப்பொந்தில் தேனெடுத்தவர் கடைசி அடையைத் தேனீக்களுக்கென்று விட்டுவிட்டு வந்தார். விரலால் வழித்துத் தின்றபோது சீனி வருத்தம்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

திரும்பி வந்ததும் எல்லோரும் தங்கள் கொப்பை எடுத்து மரத்தடியில் போட்டார்கள். நானும் முன்னால் இருந்ததைப் போட்டேன். பின்னால் இருந்தது இருக்கட்டும். வீடு போய்ச் சேரும்வரை காவல் வேண்டாமா?

வானில் ஏறப் போகும்போது கதிராமி அக்கா ஓடி வந்தார். யாரோ ஒருவர் இன்னும் காட்டுக்குள் நிற்கிறாராம். வேறு வான்களிலும் ஆட்கள் வந்திருந்ததால் யாரென்று தெரியவில்லை. பொழுது சாய்கிறது, யானை தண்ணீருக்கு வருகிற நேரம். தேடுவதற்கு இரண்டு பேர் உள்ளே போய்விட்டார்கள்.

யார் பெற்ற பிள்ளையோ... விசிலை எடுத்து ஊதினேன். மூச்சு முட்ட ஊதிய பிறகுதான், ஆள் உள்ளே நிற்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கொப்பு ஒண்டு மரத்தில மிச்சம் இருக்கு. வெளியால வந்த ஆள் தன்ட கொப்பை எடுத்துப் போடும். எடுக்காட்டி, ஆள் உள்ளுக்க."

நான் கேட்காமல் விட்ட கால்வாசி அதுதான்.

சொல்லாமல் இருந்துவிடலாமா? ஒரு நொடி யோசித்தேன், பொய் சொல்லவில்லை. அத்தனை கண்கள்! ஆனால் என் கொப்புக்காக இரண்டு பேர் யானைக்கு முன்னால் போய் நிற்பதா?

"அது என்ட கொப்பு, அக்கா. பயத்தில ரெண்டு வைச்சனான்."

மலர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அக்கா காட்டைப் பார்த்து நீளமாகக் கூவினார். பதில் கூவல் வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

திரும்பி வந்தவர்கள் ஏசுவார்கள் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர்களில் மூத்தவர் விசயத்தைக் கேட்டார், என்னைப் பார்த்தார், மிஞ்சிய கொப்பை எடுத்து மரத்தடியில் போட்டார்.

"உள்ளுக்க ஒரு பயந்த ஆளைக் கண்டனாங்கள், ஐயா. அவர் அங்கயே நிக்கட்டும். நீங்க வீட்ட போங்கோ."

கிண்ணியாப் பாலம் வரை வான் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அந்தப் பயந்த ஆள் அங்கேயே நின்றுவிட்டாரா? எங்கே... வானில் என் பக்கத்து சீட்டில்தான் இருந்தார் — பெல்ட்டும் போட்டுக்கொண்டு.