சேது அண்ணன் குளிரில் சாகவில்லை

செய்தி வந்தபோது நான் ஒரு கண்டெய்னர் இறாலுக்கான காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். துபாய் ஜெபல் அலியில் எங்கள் குளிர்கிடங்கின் வாட்ஸப் குழுவில், ஷிஃப்ட் பட்டியலுக்குக் கீழே ஒரே வரி: “சேது அண்ணன் ரூம்ல தவறிட்டாரு.” காலை டூட்டி முடித்து தொழிலாளர் கேம்புக்குப் போய், சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஜூலை மாத மதியம், வெளியே நாற்பத்தாறு டிகிரி. இதயத்தில் அடைப்பு, பல வருடமாக இருந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார்.

அதை யாரும் காதில் வாங்கவில்லை. கேம்ப் மெஸ்ஸில் அவர் படத்துக்கு மாலை போட்ட அன்றே ஒருவர் ஆரம்பித்தார்: “ஜனவரியில அந்தக் குளிருல கப்பல்ல போனாருல்ல, அதுதான் உள்ள எறங்கிருச்சு.” பக்கத்திலிருந்தவர் தலையாட்டினார். ஊரில் பேச்சு இன்னும் ஒரு படி மேலே போய்விட்டதாம். “பொண்டாட்டி ஆசைப்பட்டா, புருசன் போய்ச் சேந்தான்” என்று அவர் மனைவி காளீஸ்வரி அக்காவின் காதில் விழும்படியே பேசுகிறார்களாம். அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு அழுகைதான் வந்தது. இப்போது கோபம்தான் இருக்கிறது.

சேது அண்ணன் தேவகோட்டைப் பக்கத்துக்காரர். எங்கள் கிடங்கின் ஃப்ரீசர் அறையில் இருபத்திரண்டு வருடம். மைனஸ் இருபத்தைந்தில் அரை மணி உள்ளே, பத்து நிமிடம் வெளியே; அங்கே வேலை அப்படித்தான். கோழியும் மீனும் பட்டாணியும் அடுக்கிவிட்டு வரும்போது புருவத்தில் வெள்ளை பூத்திருக்கும். வெயிலில் நின்று ஒரு டீயைக் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போவார். அத்தனை வருடத்தில் ஒரு நாளாவது நம்மில் யாராவது “அண்ணே, குளிரு ஒடம்புக்கு ஆகாது” என்று சொன்னோமா? நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. சம்பளத்துக்குப் பட்ட குளிர் ஒன்றும் செய்யாதாம், ஆசைப்பட்டுப் போன எட்டு நாள் குளிர் ஆளைக் கொன்றுவிட்டதாம். நல்ல நியாயம்.

நார்வேயிலிருந்து வரும் மீன் பெட்டிகளில் ஒரு படம் இருக்கும்: கறுத்த கடல், அதற்கு மேலே பச்சை வானம். ஒருநாள் டெலிவரி நோட்டோடு வந்த அண்ணன், கிழிந்த பெட்டி ஒன்றின் அட்டையை என் மேசையில் வைத்தார். “தங்கச்சி, இது நெசமா, பெயிண்டா?” கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்து, துருவ ஒளி என்று ஒன்று உண்டு, குளிர்காலத்தில் கப்பலில் வடக்கே போய்ப் பார்க்கிறார்கள் என்று காட்டினேன். அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தார். “இந்தப் பெட்டியத் தூக்கித் தூக்கி என் தோளு தேஞ்சு போச்சு. அது வர்ற எடத்த ஒரு தடவ பாத்துரணும்” என்றார். நான் சிரித்தேன். அப்படிச் சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

மகன் வேலைக்குப் போன மறுவருடம் லீவு கேட்டார். ஃபாரத்தை நிரப்பியது நான். போகுமிடம் என்ற கட்டத்தில் அவரைக் கேட்காமலேயே ‘திருச்சி’ என்று எழுதினேன். இங்கே லீவு என்றால் ஊர்தான். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கக்கூடும் என்பதே நமக்குத் தோன்றாது. மேனேஜர் கையெழுத்தும் போட்டுவிட்டார். மறுநாள் அண்ணன் வந்து, “திருச்சி இல்ல தங்கச்சி, நார்வே” என்றார். ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டேன். “முப்பது நாளு ஊருக்குப் போனா கல்யாண வீடு, கேத வீடு, கோயிலு, தாலுகா ஆபீசுன்னு எல்லாரையும் பாத்துட்டு வாரேன், அவளத் தவிர. அவ பாவம், வர்றவங்களுக்கெல்லாம் காப்பி போட்டுக்கிட்டு அடுப்படியிலயே கெடப்பா.” காளீஸ்வரி அக்கா ஆசைப்பட்டார் என்கிறீர்களே, அவருக்கு அப்போது விஷயமே தெரியாது.

விசாவுக்கு கம்பெனியின் என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், வேண்டும். திருச்சிக்கு என்று கையெழுத்துப் போட்டாகிவிட்டது, லீவு என்றால் ஒழுங்காக வீட்டுக்குப் போ பாய் என்று மேனேஜர் இந்தியில் புத்தி சொன்னார். அண்ணன் மூன்று நாள், சாப்பாட்டு நேரத்தில், ஃப்ரீசர் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் அறை வாசலில் போய் நின்றார். சத்தம் போடவில்லை. மூன்றாம் நாள், பெண்டாட்டி இருக்கிற இடம்தான் வீடு, அவளும் கப்பலில் வருகிறாள் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். மேனேஜர் சிரித்துவிட்டார். கடிதத்தை நான் டைப் செய்தேன், இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் அவரிடம் கேட்டுக் கேட்டு.

திரும்பி வந்து அவர் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். கப்பல் மேல்தளத்தில் நம் ஃப்ரீசர் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றவரைக் கப்பல் சிப்பந்தி என்று நினைத்து வெள்ளைக்காரர்கள் வழி கேட்டார்களாம். இவரும் கையைக் காட்டி அனுப்பியிருக்கிறார். அங்கே மாலை நான்கு மணிக்கெல்லாம் கும்மிருட்டு. “மொத நாளு ஒளி வந்தப்ப நான் உள்ள நிக்கிறேன் தங்கச்சி. அரை மணி ஆனதும் காலு தானா உள்ள போயிருச்சு. அவளையும் இழுத்துட்டுப் போயி ஹீட்டர்ல கையக் காட்டிக்கிட்டு இருக்கேன், வெளிய எல்லாரும் கத்துறாங்க.” ஓடி வந்தால் மேகம் மூடிவிட்டது. மறுநாள் “இன்னிக்கு பிரேக் கெடையாது” என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றிருக்கிறார். “போட்டோவுல உள்ள பச்சை எடுத்த எடுப்புல கண்ணுக்குத் தெரியாது. மொதல்ல புகை மாதிரி இருக்கும், அப்புறம்தான் பச்சை ஏறும். அவதான் மொதல்ல கண்டா.” அதைப் பார்த்து என்ன கிடைத்தது என்று ரூமில் ஒருவர் கேட்டதற்கு, “கெடைக்கிறதுக்குத்தான் இருவத்திரண்டு வருசமா இங்க கெடக்கேன். அது பாக்குறதுக்கு” என்றாராம்.

போன வாரம் காளீஸ்வரி அக்காவுக்கு போன் செய்தேன். மருத்துவர் சொன்னதை எடுத்துச் சொல்லித் தேற்றலாம் என்று நினைத்தேன். அவர் என்னைப் பேசவிடவில்லை.

“டாக்டரு சொன்னது இருக்கட்டும் தாயி. கல்யாணமாகி இருவத்தாறு வருசத்துல, நடுவுல யாரும் கூப்பிடாம அவரு எங்கூடப் பேசுனது அந்த எட்டு நாளுதான். குளிரு குளிருங்கறாங்க. அவருக்குக் குளிரு புதுசில்ல. எனக்கு அவருதான் புதுசு.”

இதை எழுதலாமா அக்கா என்று கேட்டேன். “எம் பேரப் போட்டே எழுது” என்றார்.

போட்டிருக்கிறேன். சேது அண்ணனைப் பற்றி எனக்குக் கடைசியாகக் கிடைத்தது இந்தப் பேச்சுதான், அதுவும் அவர் மனைவியின் வாய் வழியாக. குளிர்தான் கொன்றது என்று இனி யாராவது சொல்ல வந்தால், முதலில் அக்காவின் இந்த வார்த்தைக்குப் பதில் சொல்லிவிட்டுச் சொல்லட்டும்.