பாய்லர்காரர் வைத்த அளவு

குடியிருப்பு முழுவதும் அவளுக்கு ஒரே பெயர்தான்: லவுட் ஸ்பீக்கர் அக்கா.

"நீங்க அண்ணனைக் காபிக்குக் கூப்பிட்டா, மூணு வீட்டு ஆம்பளைங்களும் எழுந்து வர்றாங்கக்கா" என்பாள் எதிர்வீட்டுக்காரி. அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். கதவைச் சாத்திய பிறகுதான் கண் கலங்கும்.

பிறவிக் குரலா அது? கணவர் இருபத்தாறு வருடம் ஆலையின் பாய்லர் அறையில் நின்று, காதை அங்கேயே தொலைத்துவிட்டு வந்தவர். அவருக்கு எட்டவேண்டுமே என்று கத்திக் கத்திக் கரகரத்துப்போன தொண்டை!

அந்தத் தொண்டைக்கும் ஓர் ஆசை வந்தது. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களைப் பதிவு செய்யும் நூலகம் ஒன்று, வீட்டிலிருந்தே வாசிக்க ஆள் தேடியது. மகள் ஒரு மைக்கும், ஹெட்போனும், இரண்டு திருகிகள் வைத்த சின்னப் பெட்டியும் வாங்கி அனுப்பினாள். அக்கா அனுப்பிய இரண்டு மாதிரிகளும் திரும்பி வந்தன. 'குரல் உடைந்து கேட்கிறது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.'

கணவர் கடிதத்தைப் படித்தார். "நீ வாசி. நான் பாக்கறேன்."

"காதே கேக்காது, நீங்க என்னத்தைப் பாக்கப் போறீங்க?" சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. "கண்ணு இருக்கில்ல?"

வெளிச்சத்தம் வராமலிருக்க ஜன்னலில் போர்வை தொங்கியது. மின்விசிறி நின்றிருந்தது. பாடத்தில், ஆற்றின் மறுகரையில் நிற்கும் மகனை ஒரு தாய் கூவி அழைக்கும் இடம் வந்தது. குரல் அளவு மீறியதும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் சட்டென்று வலப்பக்கத் திருகியைக் குறைத்தாள். ஹெட்போனில் சத்தம் குறைந்தது. சிவப்பு மட்டும் அணையவில்லை. கணவர் குனிந்து, திருகிகளின் கீழே எழுதியிருந்ததைப் படித்தார்.

"அடிப்பாவி, இத்தனை நாளும் இதைத்தான் திருகிட்டிருந்தியா? இது உன் காதுக்கு வர்ற வால்யூம். பாய்லர் ரூம் கதவைச் சாத்திட்டு, சத்தம் கேக்கல, அழுத்தம் குறைஞ்சிடுச்சுன்னு சொல்வாங்களா? உள்ள போற குரலுக்கு இடப்பக்கம் இருக்கிற கெயின்தான். இருக்கறதிலேயே சத்தமான வரியைப் படி."

அந்தத் தாயை எட்டுமுறை கூவ வைத்தார். ஒரு காலத்தில் அழுத்தமானியின் முள்ளைவிட்டு விலகாத கண்கள், இப்போது விளக்கைவிட்டு விலகவில்லை. மயிரிழை மயிரிழையாகக் கெயினைக் குறைத்தார். பச்சை எரிந்தது. உச்சத்தில் மட்டும் மஞ்சள் தொட்டுப் போனது.

"இனி இதைத் தொடாதே. கத்தவும் வேண்டாம். மைக் என்னை மாதிரி செவிடு இல்ல, பக்கத்துலயே இருக்கு."

அவள் தழைந்த குரலில் பாடத்தை முதலிலிருந்து வாசித்து முடித்தாள்.

நான்காம் நாள் பதில் வந்தது. 'தெளிவான பதிவு. முதல் புத்தகம் அனுப்புகிறோம்.'

அவள் அழுதாள், சிரித்தாள். பிறகு ஹெட்போனை அவர் காதில் மாட்டி, தன் பதிவை ஓடவிட்டாள். வால்யூமைக் கடைசிவரை திருப்பினாள். இதை எவ்வளவு திருப்பினாலும் பதிவுக்கு ஒன்றும் ஆகாது. அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே!

அவர் முகம் அப்படியே நின்றது.

"கேக்குதாங்க?" பழக்கத்தில் கத்திவிட்டாள்.

அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"சும்மா இரு. நீ கத்தாம பேசறதை எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் கேட்டுட்டிருக்கேன்."