சுளகில் கிடந்த ரீல்

தூண்டில் ரீலைக் கழற்றுகிறவர்கள் பழைய பேப்பரைத்தான் விரிப்பார்கள். எங்கள் பிரதம லிகிதர் அரிசி புடைக்கும் சுளகை எடுப்பார். சுளகுக்கு விளிம்பு இருக்கிறது. ஸ்பிரிங் உருண்டு ஓடாது. முதலில் கழற்றிய ஸ்கிறுவைச் சுளகின் பின்விளிம்போடு ஒட்டி வைப்பார். அடுத்தடுத்தவை வரிசையாக முன்னே வர, கடைசியாகக் கழன்ற பற்சில்லு விளிம்பில்லாத வாய்ப்பக்கம் கிடக்கும். மண்ணெண்ணெயில் கழுவிய ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கே திரும்பும். பூட்டும்போது வாயில் தொடங்கிப் பின்னுக்குப் போனால் சரி. நீர்ப்பாசன அலுவலகத்தில் பல வருடங்கள் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன் நான். கோப்புகளையும் அவர் இப்படித்தான் அடுக்குவார். இருவரும் ஓய்வு பெறும் வயதை நெருங்கி, அவர் முதலில் வீட்டுக்குப் போன பிறகும், எனக்கு அவர் ஐயாதான்.

மனைவி இறந்தபின் உருத்திரபுரத்து வீட்டில் தனியாக இருந்தார். மாலையில் சுவிஸிலுள்ள தன் தம்பி அனுப்பிய அந்த ரீலோடு குளக்கட்டுக்குப் போவார். கிடைத்தால் விரால், கிடைக்காவிட்டால் காற்று. போன வருடம் ஒருநாள் குளத்திலிருந்து திரும்பியவர் தன் வாசற் படலையைத் தாண்டிப் போய், வேறொரு வீட்டு விறாந்தையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். செய்தி பூவரசங்குளத்தில் இருக்கும் மகளுக்குப் போனது. அவா அடுத்த பஸ்ஸிலேயே வந்து, தன்னோடு வந்து இருக்கும்படி கேட்டா. ஐயா மறுத்தார். “எனக்கு மறதி எண்டு ஆர் சொன்னது? நாளைக்கு ரீலைக் கழட்டிப் பூட்டிக் காட்டுறன். பூட்டாட்டி வாறன்” என்றாராம். மகளும் சம்மதித்தா. அந்த வீட்டில் அவர் இருப்பதா போவதா என்பது இப்படித்தான் ஒரு ரீலின்மேல் வந்து நின்றது.

மறுநாள் காலையில் கழற்றிக் கழுவிச் சுளகில் அடுக்கிவிட்டு, கையில் இருந்த மண்ணெண்ணெய் வாடை போகக் கிணற்றடிக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது விறாந்தையில் சுளகு இல்லை.

“சுளகு எங்கை பிள்ளை?”

“அரிசி புடைக்க எடுத்தனான் அப்பா. உங்கடை சாமான் எல்லாம் கிண்ணத்திலை கிடக்கு. ஒண்டும் துலையேல்லை.”

நான் அங்கே போனபோது மத்தியானமாகிவிட்டது. ஐயா கதிரையில் இருந்தார். முன்னால் கிண்ணம், பக்கத்தில் ஸ்கிறு முறுக்கும் திருப்புளி. ஒரு வாசர் வளையத்தை எடுப்பதும் பார்ப்பதும் திரும்பப் போடுவதுமாக இருந்தார்.

“நீங்களே பாருங்கோ அண்ணை. காலமை தொடங்கினவர்” என்று மகள் குசினி வாசலில் நின்று மெதுவாகச் சொன்னா.

“கொத்துரொட்டி மாதிரிக் கலந்து தந்திட்டுப் பூட்டட்டாம்” என்றார் ஐயா.

அவா வேண்டுமென்று செய்யவில்லை. சுளகு சும்மா கிடந்தது, அரிசியில் உமி இருந்தது. எனக்கு விளங்காதது வேறு. அடுக்குக் குலையாமல் இருந்திருந்தால் ஐயா பூட்டியிருப்பாரா? பூட்டியிருப்பார் என்றால் ஞாபகம் இருந்தது அவர் தலையிலா, சுளகிலா? எல்லாவற்றையும் அன்றன்றே நாட்குறிப்பில் எழுதி வைத்துப் பார்த்து நடக்கிற எனக்கு இதைக் கேட்க என்ன உரிமை?

நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

“பாத்துப் பூட்டும் தம்பி. பிழைச்சால் உம்மையும் கூட்டிக்கொண்டு போயிடுவா.”

அளவு பார்த்து, பல் பார்த்து, கிறீஸ் பூசி ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். கடைசி ஸ்கிறுவையும் இறுக்கிய பிறகு கிண்ணத்தின் அடியில் ஒரு மெல்லிய வாசர் மிஞ்சிக் கிடந்தது. கைப்பிடியைச் சுற்றினேன். ரீல் அருமையாகச் சுழன்றது. ஐயா அந்த வாசரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது எங்கடை ரீலின்ரை இல்லை.”

“வெறுங் கிண்ணம் அப்பா. நான்தானே கழுவித் துடைச்சு எடுத்தனான்.”

“அப்ப அது உன்ரை கிண்ணத்தின்ரை வாசராக்கும்.”

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ரீலில் சுற்றியிருந்த தங்கூசி நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிப் படலைவரை நடந்தா. ஐயா ரீலை இரண்டு கையாலும் பிடித்து, பெருவிரலால் இறுக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். அந்த விரலில் தடுமாற்றமே இல்லை. நூல் ஒரே சீராக இறங்கியது. மகள் நூலை விடாமல் படலையடியிலேயே நின்றா. நான் பக்கத்தில் போனேன்.

“நீங்கள் சொல்லுங்கோ அண்ணை. இவரைத் தனிய விட்டிட்டுப் போகலாமோ?”

“எனக்கே ஒரு வாசர் மிஞ்சிப்போச்சு தங்கச்சி” என்றேன். அது போகலாம் என்பதா, வேண்டாம் என்பதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவாவும் என்ன விளங்கிக்கொண்டாவோ, “சரி, இந்தப் போகம் முடியட்டும். பிறகு பாப்பம்” என்றா.

அந்தப் போகம் முடிந்து, அறுத்த வயலில் மறுபடியும் விதைத்தும் ஆகிவிட்டது. ஐயா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். நான் அங்கே இருக்கும் நேரம் பார்த்து மகள் என் போனுக்கு எடுப்பா. சில நாட்களில் அவர் பழைய கோப்பு ஒன்றின் விவரத்தைப் பிசகாமல் சொல்வார். சில நாட்களில், நேற்று நான் ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்பார்.

போன ஞாயிறு விறாந்தையில் ரீலோடு இருந்தார். பாதி கையில், பாதி சுளகில். விரலெல்லாம் கிறீஸ். போன் அடித்தது.

“அப்பா என்ன செய்யிறார் அண்ணை?”

“ரீலோடை இருக்கிறார்.”

“கழட்டுறாரோ, பூட்டுறாரோ?”

நான் திரும்பிப் பார்த்தேன். கழற்றுகிறவரின் சுளகும் பாதிதான் நிரம்பியிருக்கும்; பூட்டுகிறவரின் சுளகும் பாதிதான் காலியாக இருக்கும். ஐயா ஒரு ஸ்பிரிங்கை இரண்டு விரலுக்கிடையில் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

“கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி” என்றேன். போனைக் காதோடு வைத்தபடி, அந்தக் கை ரீலுக்குப் போகிறதா சுளகுக்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.