உடுப்புச் சோடா

ஊரில், குருநகரில் இருந்தவரை பிளோறன்ஸ் கேக்குக்குப் பேர்போனவள். கலியாணம், ஞானஸ்நானம் என்று ஆட்கள் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். 1985இல் ஜெர்மனிக்கு வந்தவளை ஆஹென் நகருக்கு வெளியே ஓர் அகதி விடுதியில் விட்டார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. விடுதியில் தருகிற சாமான்களை வாங்கி, எல்லோருக்கும் பொதுவான குசினியில் அவித்துச் சாப்பிட்டுவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அடுத்த வருடம், பக்கத்து அறைக் கிரிஜா தன் மகளின் முதலாவது பிறந்தநாளுக்கு ஒரு பட்டர் கேக் செய்து தரச் சொல்லிக் கேட்டாள். இந்த நாட்டில் பிளோறன்ஸிடம் ஒருவர் கேட்ட முதல் வேலை அது. மாவும் பட்டரும் முட்டையும் கிரிஜா சேர்த்து வைத்திருந்தாள். பேக்கிங் பவுடர்தான் இல்லை.

பிறந்தநாளான சனிக்கிழமை காலை பிளோறன்ஸ் கடைக்குப் போனாள். அதற்கு ஜெர்மன் பெயர் தெரியவில்லை. இங்கிலீஷில் கேட்டாள், கடைக்காரிக்கு விளங்கவில்லை. அப்பச்சோடா என்றாலும் சமாளிக்கலாம் என்று நினைத்து, "சோடா, சோடா" என்றாள். கடைக்காரி முகம் மலர்ந்து உள்ளே போய் ஒரு பைக்கற்றோடு வந்தாள்.

மத்தியானம் பட்டரையும் சீனியையும் கை உளைய அடித்து, முட்டைகளையும் விட்டுக் கலக்கிய பிறகுதான் பைக்கற்றை உடைத்தாள். மணி மணியாக இருந்தது. நுனிநாக்கில் வைத்ததும் எரிந்தது. அதே விடுதியில் இருந்த தம்பித்துரை குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார், அவரிடம் நீட்டினாள். அவர் கொஞ்சம் ஜெர்மன் வாசிப்பார்.

"பிள்ளை, இது உடுப்புத் தோய்க்கிற சோடா எல்லோ!"

"வடிவாப் பாருங்கோ அண்ணை. நான் சோடா எண்டுதானே கேட்டனான்."

"இஞ்ச சோடா எண்டா இதுதான். மத்தியானத்தோட கடையும் பூட்டிட்டான், இனித் திங்கட்கிழமைதான் திறப்பான்."

பிளோறன்ஸ் அகப்பையைத் தூக்கி எறிந்தாள். "ஒரு சாமானைப் பேர் சொல்லிக் கேட்டு வாங்க ஏலாத சீவியம்!" என்று கத்தினாள்.

தம்பித்துரை அறைக்குப் போய், தனக்கு நெஞ்செரிவு வரும்போது கரைத்துக் குடிக்கும் தூளைக் கொண்டுவந்தார். அவள் நக்கிப் பார்த்தாள். அப்பச்சோடாவேதான். ஆனால் அது பொங்கப் புளிப்பு வேண்டும். தயிரில் கலந்தாள், நுரைத்தது. எவ்வளவு போடுவது என்று தெரியாமல், போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில் இன்னும் ஒரு கரண்டி போட்டுவிட்டாள். மாவைச் சேர்த்து உடனே ஓவனில் வைத்தாள்.

கேக் மளமளவென்று எழும்பியது. வெளியே எடுத்ததும் நடு அப்படியே இறங்கிப் பள்ளமானது. நிறமும் கறுத்துவிட்டது. ஓரத்தில் கிள்ளி வாயில் போட்டாள். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம் மாதிரி ஒரு கசப்பு.

"இதை ஒருத்தருக்கும் குடுக்க ஏலாது, கிரிஜா. நான் கொட்டப்போறன்."

"விசரே அக்கா உங்களுக்கு? பிள்ளையின்ர கேக்கைக் கொட்டுறதோ?"

கிரிஜா பள்ளத்தில் ஜாமைப் பூசி மெழுகுதிரியை நட்டாள். விடுதிச் சனம் முழுக்கச் சாப்பிட்டது, நல்லாயிருக்கு என்றது. அவர்கள் சொல்லச் சொல்லப் பிளோறன்ஸுக்குக் கோபம்தான் வந்தது. நல்ல கேக் எது என்று அவளுக்குத் தெரியும். தன் துண்டைத் தொடாமலே எழுந்து போனாள்.

திங்கட்கிழமை தம்பித்துரையிடம் பேக்கிங் பவுடரின் ஜெர்மன் பெயரைக் கேட்டு, "பக்புல்வர், பக்புல்வர்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போய்ச் சரியான பவுடரை வாங்கிவந்தாள். விடுதியில் ஒரு துண்டுப் பட்டர்கூட மிச்சம் இருக்கவில்லை.