இரண்டு அம்மன்களுக்கு ஒரே பட்டு

சனிக்கிழமை காலை 6.40க்குக் கண்டியில் ரயில் ஏறினேன். மாத்தளைக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம் அறுபது சதம். உக்குவளையில் மூட்டைகள் ஏற்றத் தாமதமானதால் போய்ச் சேர 8.35 ஆயிற்று. மேடையில் என் மைத்துனர் ராமசாமிக் கங்காணியும் அவர் மனைவி செல்லம்மாளும் நின்றிருந்தார்கள்.

ரத்தோட்டைக்கு மேலே அவர்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில், மாரியம்மன் சிலை தை மாதம் களவு போய்விட்டது. அதற்குச் சில நாள் முன்னர்தான் பூசாரி காலமாகியிருந்தார். வரும் செவ்வாய்க்கிழமை திருவிழாவுக்குக் காப்புக் கட்ட வேண்டும். அம்மன் இல்லாமல் எப்படிக் கட்டுவது? மாத்தளைச் சந்தையில் பழஞ்சாமான் விற்பவர்களிடம் வெண்கலச் சிலைகள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, பேரம் பேச என்னையும் அழைத்திருந்தார்கள்.

9.10. கிடுகுக் கூரையின் கீழ் பதினொரு கடைகள். நாடு திரும்பிய துரைமாரின் பீங்கான் தட்டுகள், குழல் இல்லாத கிராமபோன், பாக்குவெட்டிகள், சாவி தொலைந்த பூட்டுகள். இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஏழாவது கடையில், நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டதும், முஸ்லிம் வியாபாரி ஒருவர் சாக்கை விலக்கினார். ஒன்றுபோலவே இரண்டு அம்மன்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எது உங்கட அம்மா, கங்காணியார்?"

கங்காணி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

"என்ன மச்சான், தெரியலியா?" என்றேன்.

"எப்படித் தெரியும்? பொறந்ததுல இருந்து பட்டும் மஞ்சளுமாத்தானே பாத்திருக்கேன். துணியில்லாம பாத்தவரு பூசாரி ஒருத்தருதான்."

உண்மைதான். நானும் அந்தத் திருவிழாவுக்கு இருமுறை போயிருக்கிறேன். பட்டின் நிறத்தையும் விளக்குகளின் எண்ணிக்கையையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். முகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அளவுகோலால் அளந்தேன். ஒன்று பதினொரு அங்குலம், மற்றது பதினொன்றேகால். தோட்டத்து அம்மனின் உயரம் என்ன? அதுவும் தெரியாது என்றார்கள்.

அம்மனை மூடி எடுத்துப்போகச் செல்லம்மாள் பட்டும் வெள்ளிக் கண்மலரும் கொண்டுவந்திருந்தாள். இடதுபக்கச் சிலைக்கு மஞ்சள் பூசி, பட்டைச் சுற்றி, கண்மலரை ஒட்டினாள்.

"இவதாங்க! என் தாயி!" கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செல்லம்மாளுக்கு மனம் ஒப்பவில்லை. எல்லாவற்றையும் கழற்றி வலதுபக்கச் சிலைக்கு மாற்றினாள்.

"ஐயோ, இவதாங்க!" என்றார் கங்காணி.

"நானும் நாலு கலியாணம் பேசி முடிச்சவன்," என்றார் வியாபாரி, "இப்படி மாத்தி மாத்தி மயங்குற ஆள இன்னிக்கித்தான் பாக்குறேன்."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒரு கிழவர் தேங்காய் உடைத்தார். கடைக்குள் கற்பூரம் எரிவதைக் கண்டு வியாபாரிக்கு வியர்த்தது. "ஒண்டுக்குப் பதினஞ்சு ரூபா சொன்னேன். ரெண்டையும் இருவதுக்குத் தாரேன். முதல்ல எடுத்துட்டுப் போங்க, என்ட கடைய கோயிலாக்கிடாதீங்க."

11.45 பஸ்ஸில் ஏறினோம். பட்டு சுற்றிய அம்மன் செல்லம்மாளின் மடியில். மற்றவள் கங்காணியின் தலைப்பாகைத் துணிக்குள். கங்காணிக்கு வாயெல்லாம் சிரிப்பு. செல்லம்மாள் மட்டும் அந்தத் தலைப்பாகை மூட்டையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ரத்தோட்டையில் இறங்கி மூன்று மைல் ஏறும்போது என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இதுல ஒண்ணு வேற தோட்டத்து அம்மாதானே? அங்கயும் செவ்வாக்கிழமைக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல?"

அன்று மாலையே சுற்றுவட்டத் தோட்டங்களுக்கெல்லாம் ஆள் அனுப்பச் சொன்னாள். கங்காணிக்குக் கோபம்.

"வர்றவங்க நம்மளதைத் தூக்கிட்டுப் போனா?"

"நம்மளது எதுன்னு நீங்க சொல்லுங்க, நான் உள்ளார ஒளிச்சு வைக்கிறேன்."

அவர் தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு ஆள் கூப்பிடப் போனார்.

ஞாயிறு முழுவதும் மழை, யாரும் வரவில்லை. திங்கட்கிழமை காலை 7 மணிக்குப் பையைக் கட்டினேன். கண்டியில் என் வீட்டுப் பூசையறையில் இருபது வருடமாக ஒரு பிள்ளையார் இருக்கிறார். அவர் தும்பிக்கை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

விடைபெறக் கோயிலுக்குப் போனபோது வாசலில் நனைந்த கம்பளிகளுடன் மூன்று பேர் நின்றார்கள். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டமாம்; விடியுமுன் புறப்பட்டு நடந்தே வந்தார்களாம். மூத்தவர் கையில் ஒரு பட்டுத்துணி மடித்திருந்தது. செல்லம்மாள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். பிறகு விலகி நின்று, "உங்களது எதுன்னு பாத்து எடுத்துக்குங்க," என்றாள்.

பட்டில்லாமல் இருந்த இரண்டு அம்மன்களையும் அவர்கள் நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு எங்களைப் பார்த்தார்கள்.